வேளச்சேரி ஃப்ளாட்: சேனல் 3 காலியாத்தான் இருக்கு, ஆனா வைஃபை இழுக்குது. ஏன்?

மூணாவதுமாடி · 2025 ஜூன் 6, இரவு 10:42

வேளச்சேரி. தரைத்தளம், மேல 4 மாடி, மாடிக்கு நாலு வீடு. ஃபைபர் 100 எம்பிபிஎஸ், கம்பெனி கொடுத்த பெட்டி (ரௌட்டர்), 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டு பேண்டும் உண்டு. ஹாலில் 5 கிகாஹெர்ட்ஸ் பிரச்சினை இல்ல. கடைசி பெட்ரூமுக்கு அது எட்டல, 2.4 தான் கதி. ஃபோன்ல அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தா 22 நெட்வொர்க். சேனல் 1, 6, 11-ல ஒரே கூட்டம். 3-ல ஈ காக்கா இல்ல. அங்க மாத்தினேன். முன்னைவிட மோசம். ராத்திரி 8 மணிக்கு மேல வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு. இந்த ஆப் எல்லாம் சும்மா படம் காட்டுதுன்னு நினைக்கிறேன்.

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 6, இரவு 11:20

ஆப் சரியாத்தான் காட்டியிருக்கு. 3-ல யாரும் இல்லாததுக்குக் காரணம் இருக்கு சார்.

2.4-ல சேனல்களுக்கு நடுவுல 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனா ஒரு நெட்வொர்க் பிடிக்கிற அகலம் 20. சேனல் 1-ன் நடு 2412, அதாவது 2402-லிருந்து 2422 வரைக்கும். சேனல் 6-ன் நடு 2437, அது 2427-லிருந்து 2447. உங்க 3-ன் நடு 2422. அப்போ நீங்க உட்கார்ந்திருக்கறது 2412-லிருந்து 2432 வரை. 1-ன் மேல்பாதி முழுக்க உங்க மேல. 6-ன் கீழ்க்கால்வாசியும் உங்க மேல. ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல பாயை விரிச்சுட்டு இடம் காலின்னு சொல்றீங்க.

மூணாவதுமாடி · ஜூன் 6, இரவு 11:31

சரி, ஆனா 1-க்குப் போனா 9 நெட்வொர்க் முழுசா மேல விழுமே. பாதி விழுறது பரவாயில்லையே?

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 7, அதிகாலை 12:05

எல்லாரும் வழுக்கி விழுற இடம் இதுதான். பாதி விழுறதுதான் மோசம்.

ஒரே சேனல்ல இருக்கறவங்க ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (தரவுத் துண்டு) முன்னாடி ஒரு முகவுரை போகும். அதைக் கேட்டதும் மத்த பெட்டிகள் வாயை மூடிக்கும். −82 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, மைனஸ் கூடக்கூட சன்னம்) அளவுக்குச் சன்னமா வந்தாலும் கேட்டுக்கணும்னு விதி. ரேஷன் கடை வரிசை மாதிரி. மெதுவா நகரும், ஆனா நகரும்.

3-ல இருக்கற உங்க பெட்டிக்கு 1-ல பேசறவங்க முகவுரை புரியாது. வெறும் சக்தியைத்தான் பார்க்கும், அதுவும் −62-க்கு மேல வந்தாத்தான் ஒதுங்கும். பக்கத்து வீடு −68-ல பேசிட்டிருந்தா உங்க பெட்டி காலின்னு நினைச்சு அது மேலயே பேசும். ரெண்டு பாக்கெட்டும் நாசம், ரெண்டும் திரும்பப் போகணும். ஆடி மாசம் பக்கத்துத் தெரு ஸ்பீக்கர் மாதிரி: என்ன பாட்டுன்னு விளங்காது, வீட்டுல பேசறதும் கேக்காது.

இதுல உங்களுக்கு மட்டும் நஷ்டம் இல்ல. 1-ல இருக்கற ஒன்பது வீட்டுக்கும் நீங்கதான் அந்த ஸ்பீக்கர்.

1, 6, 11. 2.4-ல இந்த மூணைத் தவிர எதையும் தொடாதீங்க.

ஓஎம்ஆர்பக்கம் · ஜூன் 7, காலை 8:14

இந்தியாவுல 13 வரைக்கும் அனுமதி உண்டே. 1, 5, 9, 13-ன்னு நாலா பிரிச்சா இன்னும் ஒரு இடம் கிடைக்கும். 1, 6, 11 அமெரிக்கக் கணக்கு.

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 7, காலை 9:02

கணக்கு சரி. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 1, 5, 9, 13 அழகா உட்காரும். ஆனா ஊரே அப்படி உட்காரணும். பக்கத்து வீடுகள் 1, 6, 11-ல இருக்கும்போது நீங்க மட்டும் 5-லயோ 9-லயோ போனா, பழையபடி நடுவுல பாய்.

13 மட்டும் யோசிக்கலாம். ஆனா சில ஸ்மார்ட் ப்ளக், அமெரிக்க அமைப்போட வந்த சில டிவி ஸ்டிக், வெளிநாட்டுல வாங்கின சில லேப்டாப் 12, 13-ஐப் பார்க்கவே பார்க்காது. லிஸ்ட்ல பேரே வராது. ரௌட்டர் ரிப்பேர்னு ஆளைக் கூப்பிடுவாங்க. 13-ம் 11-ம் பாதி மேல பாதி ஏறும்ங்கறதையும் மறக்க வேண்டாம்.

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 7, காலை 9:40

மூணாவதுமாடிக்கு வேலை. எத்தனை நெட்வொர்க்னு எண்ணாதீங்க, அளந்து எழுதுங்க.

காலைல 11 மணிக்கு எடுத்த ஸ்கேன் குப்பை. ராத்திரி 8-லிருந்து 10-க்குள்ள எடுங்க, அப்பத்தான் ஊர் மொத்தமும் டிவி முன்னாடி இருக்கும். ஒரு இடத்துல நின்னு எடுக்காதீங்க. பெட்டி பக்கத்துல ஒண்ணு, கடைசி பெட்ரூம்ல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. பெட்ரூம் ஸ்கேன் முக்கியம், ஏன்னா டவுன்லோடு பாக்கெட்டை வாங்கற ஃபோன் அங்கதான் இருக்கு.

ஆண்ட்ராய்டு 9-லிருந்து ஒரு ஆப் ரெண்டு நிமிஷத்துக்கு நாலு தடவைக்கு மேல ஸ்கேன் பண்ண முடியாது. திரையில கோடு அசையலைன்னா அது பழைய படம். ஆண்ட்ராய்டு 10-க்கு மேல டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ள வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்னு இருக்கும், அதை அணைச்சுட்டு எடுங்க. ஐஃபோன் வச்சிருக்கறவங்க ஆப்பிளோட ஏர்போர்ட் யுட்டிலிட்டி ஆப் போட்டு, செட்டிங்ஸ்ல அந்த ஆப்புக்குள்ள வைஃபை ஸ்கேனரை ஆன் பண்ணணும். மேக்ல ஆப்ஷன் விசையை அழுத்திட்டு மேல இருக்கற வைஃபை படத்தைத் தட்டினா வயர்லெஸ் டயக்னாஸ்டிக்ஸ் வரும், விண்டோ மெனுவுல ஸ்கேன்.

எழுத வேண்டியது நாலு விஷயம்: பேர், சேனல், டிபிஎம், அகலம். நாலாவதை விட்டுடாதீங்க.

டிபிஎம் படிக்கத் தெரியாதவங்களுக்கு: எல்லாமே மைனஸ். −40 பக்கத்துல, −85 எங்கயோ. 10 கூடினா பத்து மடங்கு சக்தி, 3 கூடினா ரெண்டு மடங்கு. −50-க்கும் −80-க்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். கோட்டோட உயரத்தை வச்சு "கொஞ்சம்தான் கம்மி"ன்னு முடிவு பண்ணாதீங்க.

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 7, காலை 9:58

சொல்ல விட்டது. ஸ்கேனோட பிங்கும் எடுங்க, அதாவது சின்னதா ஒரு பாக்கெட் அனுப்பி பதில் வர எத்தனை மில்லிசெகண்ட்னு பார்க்கறது. 8.8.8.8-க்கு (கூகுள் சர்வர்) அடிக்காதீங்க, அது ஃபைபர், கம்பெனி, அதுக்கு அப்பால உள்ள எல்லாத்தையும் சேர்த்து அளக்கும். 192.168.1.1, இல்ல உங்க பெட்டியோட முகவரி எதுவோ அதுக்கு. 200 தடவை. சராசரி, அதிகபட்சம், எத்தனை தொலைஞ்சது. ஃபோன் வழியாவே எடுங்க, பெட்ரூம்ல இருந்து.

மூணாவதுமாடி · ஜூன் 7, இரவு 9:50

எடுத்தாச்சு. பெட்ரூம்ல இருந்து, என் நெட்வொர்க்கைச் சேர்க்காம:

சேனல் 1: 9 நெட்வொர்க். பலமானது −52, அடுத்தது −66, மத்தது −74-க்குக் கீழ.
சேனல் 6: 4 நெட்வொர்க். பலமானது −60.
சேனல் 11: 6 நெட்வொர்க். பலமானது −71, மத்தது −80 சுத்தி.
தனியா நிக்கறது: 4-ல ஒண்ணு −77, 8-ல ஒண்ணு −79, 9-ல ஒண்ணு −63.

அகலம் எழுத மறந்துட்டேன், மன்னிக்கணும். பிங் ஃபோன்ல எடுத்தேன், 3-ல இருக்கும்போதே. சராசரி 118 மில்லிசெகண்ட். ஒண்ணு ரெண்டு 800 தாண்டுது. 6-ல கம்மி நெட்வொர்க்தானே, 6-க்கே போயிடவா?

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 7, இரவு 10:30

முதல்ல என் தப்பு. ஃபோன்ல பிங் எடுக்கச் சொல்லியிருக்கக் கூடாது. ஃபோன் திரை சும்மா இருந்தா வைஃபை ரேடியோ தூங்கிடும். பெட்டி 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருதரம் "நான் இருக்கேன்"னு ஒரு பீக்கன் விடும், அப்பத்தான் ஃபோன் முழிச்சு "எனக்கு ஏதாச்சும் இருக்கா"ன்னு கேக்கும். அதனால பிங் 100 சுத்தி நிக்கிறது நெரிசல் இல்ல, தூக்கம். 118-ஐ அடிச்சுடுங்க.

லேப்டாப்ல, சார்ஜர் மாட்டி, பவர் செட்டிங்ல அதிகபட்சம் வச்சு எடுங்க. அதுக்கு முன்னாடி லேப்டாப்பைக் கேபிள்ல பெட்டியோட மாட்டி ஒரு 50 பிங். சில பெட்டிகள் பிங்குக்கே சோம்பேறித்தனமா பதில் சொல்லும். அந்த அடிப்படை தெரிஞ்சாத்தான் மத்த எண்ணுக்கு அர்த்தம்.

6-க்குப் போறதைப் பத்தி: நாலு நெட்வொர்க்ல ரெண்டு வீடு ராத்திரி முழுக்க 4கே ஓட்டினா, ஒன்பது தூங்குமூஞ்சிகள் இருக்கற சேனலைவிட அது மோசம். எண்ணிக்கை வேற, காத்துல எவ்வளவு நேரம் பேசறாங்கங்கறது வேற.

தூங்குமூஞ்சிகளுக்கும் ஒரு விலை உண்டு. பீக்கன் சுமார் 300 பைட். 802.11பி-ங்கற பழைய தலைமுறை வைஃபை சாதனங்களுக்காக அதை 1 எம்பிபிஎஸ் வேகத்துல சொல்லும். 2400 பிட், 2.4 மில்லிசெகண்ட், முகவுரையோட 2.6. நொடிக்கு கிட்டத்தட்ட பத்து தடவை. ஒரு பேருக்கு காத்துல 2.5 சதவீதம். பன்னிரண்டு பேர் இருந்தா, யாரும் ஒண்ணும் பார்க்காமலே 30 சதவீதம் போச்சு. விருந்தாளிக்குன்னு கெஸ்ட் நெட்வொர்க் போட்டு வச்சிருக்கீங்களா? அது இன்னொரு 2.5. பேரை மறைச்சு வச்சாலும் பீக்கன் போய்க்கிட்டேதான் இருக்கும்.

மருந்து: பெட்டியோட செட்டிங்ல மோட்னு இருக்கும். பி/ஜி/என்-னு இருந்தா ஜி/என் ஆக்குங்க. பெரும்பாலான பெட்டிகள்ல பீக்கன் 6 எம்பிபிஎஸ் ஆகிடும். அதே 300 பைட்டுக்கு 0.4 மில்லிசெகண்ட் சொச்சம்தான். 2.5 சதவீதம் 0.4 ஆயிடும். 802.11பி மட்டும் தெரிஞ்ச கிழட்டு பிரிண்டர் ஏதாவது வீட்டுல இருந்தா அது செத்துடும், பார்த்துக்குங்க.

மூணாவதுமாடி · ஜூன் 8, இரவு 9:35

லேப்டாப், 200 பிங், பெட்ரூம். கேபிள்ல சராசரி 1 மில்லிசெகண்ட், அதனால பெட்டி மேல குத்தம் இல்ல.

சேனல் 3: சராசரி 47, அதிகபட்சம் 812, தொலைஞ்சது 12.
சேனல் 1: சராசரி 14, அதிகபட்சம் 260, தொலைஞ்சது 2.
சேனல் 6: சராசரி 29, அதிகபட்சம் 540, தொலைஞ்சது 6.
சேனல் 11: சராசரி 5, அதிகபட்சம் 88, தொலைஞ்சது இல்ல.

ஒன்பது பேர் இருக்கற 1, நாலு பேர் இருக்கற 6-ஐ ஜெயிச்சிருக்கு. நம்பவே முடியல.

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 8, இரவு 9:48

நம்புங்க. 11-ல வைங்க. பெட்டியே சேனல் தேடிக்கற ஆட்டோவை அணைச்சு, அகலம் 20-ன்னு அழுத்திச் சொல்லிட்டு சேவ் பண்ணுங்க. 20/40 ஆட்டோன்னு விடாதீங்க.

6-ல ரெண்டு வீடாவது ராத்திரி முழுக்க வீடியோ ஓட்டறாங்கன்னு தோணுது.

பரண் · ஜூன் 8, இரவு 10:15

மைக்ரோவேவ் ஓடினா 11 செத்துடுமே அண்ணா?

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 8, இரவு 10:40

அடிபடும். மைக்ரோவேவோட மேக்னட்ரான் 2450 மெகாஹெர்ட்ஸ் சுத்தி அலையும், பெரும்பாலும் அதுக்குக் கொஞ்சம் மேல. 11-ன் இடம் 2452-லிருந்து 2472. நேரா நெத்தியடி. 1 தப்பிச்சுக்கும்.

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சாதாரண மைக்ரோவேவ் ஒரு அரைச் சுத்துலதான் கதிர் விடும்: 10 மில்லிசெகண்ட் சத்தம், 10 மில்லிசெகண்ட் அமைதி. சின்னப் பாக்கெட் அமைதியில நழுவிப் போயிடும், பெரிசு மாட்டிக்கும். அதனால பிங் நல்லா இருக்கும், வீடியோ கால் மட்டும் உடையும். இன்வெர்ட்டர் வகை மைக்ரோவேவ்ல அந்த அமைதியும் கிடையாது. ஆனா சாம்பாரைச் சுட வைக்க ரெண்டு நிமிஷம்தான். ரெண்டு நிமிஷத்துக்காக நாள் முழுக்க 1-ல கிடக்க வேண்டாம்.

1-க்கும் ஒரு எதிரி உண்டு, யாரும் சொல்றதில்ல. 2300-லிருந்து 2400 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் 4ஜி ஓடுது, பேண்ட் 40. அது முடியற இடத்துல 2 மெகாஹெர்ட்ஸ் தள்ளி சேனல் 1 ஆரம்பிக்குது. 4ஜி சிம் போட்ட ஹாட்ஸ்பாட் பெட்டியை ரௌட்டர் பக்கத்துலயே வச்சிருந்தா, அது கத்தும்போது 1-ல காது அடைக்கும். அந்த வீட்டுக்கு 11 நல்லது.

பரண் · ஜூன் 9, காலை 7:20

பேருக்கேத்த கேள்வி: ரௌட்டரைப் பரண் மேல வைக்கலாமா? உயரம்தானே?

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 9, காலை 8:05

பரண்ல என்ன இருக்கு? பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு, கொலு பெட்டி, பழைய மிக்ஸி. உலோகக் குகைக்குள்ள வச்சுட்டு சேனல் மாத்தி என்ன பிரயோஜனம். இரும்பு பீரோ மேல வைக்கறதும் அதே கதைதான், கண்ணாடி வச்ச பீரோன்னா கண்ணாடிக்குப் பின்னாடியும் உலோகப் பூச்சு. மீன் தொட்டிக்குப் பின்னாடி வேண்டாம், தண்ணி 2.4-ஐ நல்லாக் குடிக்கும். திறந்த இடம், தலை உயரம், ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல இருக்கற நடைவழி.

டிவி பெட்டிக்குள்ள வச்சு யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை அதுலயே சொருகறவங்களுக்கு: யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4-லிருந்து 2.5 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் அகலமா இரைச்சல் விடும். 2012-லயே இன்டெல் இதை அளந்து ஒரு அறிக்கை போட்டிருக்கு. ஆப்ல தெரியாது, ஏன்னா ஆப் நெட்வொர்க் பேரை மட்டும்தான் பார்க்கும், இரைச்சலைப் பார்க்காது. அடையாளம்: ஸ்கேன் சுத்தமா இருக்கும், சிக்னல் −50-ல இருக்கும், வேகம் மட்டும் வராது. டிஸ்க்கைப் பிடுங்கிட்டு பிங் பாருங்க. தேறினா நல்ல கவசம் உள்ள கேபிள் வாங்கி டிஸ்க்கை ஒரு மீட்டர் தள்ளி வைங்க, இல்ல யூஎஸ்பி 2 துளைல மாட்டுங்க.

ஓஎம்ஆர்பக்கம் · ஜூன் 9, மதியம் 1:30

2.4-ஐக் கட்டிக்கிட்டு அழறதை விட்டுட்டு எல்லாரும் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்கப்பா. ஆனா சேனல் 52-லிருந்து 144 வரைக்கும் வேண்டாம். பள்ளிக்கரணைல வானிலை ராடார் இருக்கு, அது வைஃபையைத் தூக்கிடும்.

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 9, மாலை 6:10

பாதி உண்மை, பாதி வதந்தி.

52-லிருந்து 144 வரைக்கும் டிஎஃப்எஸ் சேனல்கள், அதாவது ராடாருக்கு வழிவிட வேண்டிய இடம், அது உண்மை. அங்க உட்கார்றதுக்கு முன்னாடி பெட்டி 60 வினாடி காதைத் தீட்டிக் கேக்கணும். ராடார் மாதிரி ஏதாவது கேட்டா 10 வினாடிக்குள்ள காலி பண்ணணும், அரை மணி நேரம் திரும்பி வரக் கூடாது. ஐரோப்பிய விதிப்படி நடக்கற பெட்டிகள் 120, 124, 128-க்கு 10 நிமிஷம் காத்திருக்கும். 5 கிகா பேரே காணோம்னு ரீஸ்டார்ட் பண்ணினா, இன்னொரு 10 நிமிஷம்.

ஆனா பள்ளிக்கரணைல தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்துல 2022 ஜனவரில ஆரம்பிச்ச ராடார் எக்ஸ்-பேண்ட். 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம். சென்னைத் துறைமுகத்துல 2002-லிருந்து இருக்கறது எஸ்-பேண்ட், 3 கிகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழ. ரெண்டுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ்ல வேலையில்ல. டிஎஃப்எஸ்ல இடிக்கிறது சி-பேண்ட், 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம். டெல்லி வானிலைத் துறை வளாகத்துல இருக்கறது அந்த வகை. வேளச்சேரில பெட்டி ராடார்னு சொல்லி ஓடினா, பெரும்பாலும் அது பக்கத்து வைஃபை சத்தத்தை ராடார்னு நினைச்சு பயந்துக்கற மலிவான சிப். பெட்டியோட லாக்ல வாரத்துக்கு எத்தனை தடவைன்னு பாருங்க. ஒண்ணு ரெண்டுன்னா இருந்துக்கலாம், ஏன்னா டிஎஃப்எஸ் சேனல்தான் ஃப்ளாட்டுல காலியான இடம். தினம் ரெண்டு தடவைன்னா விட்டுடுங்க.

5 கிகாஹெர்ட்ஸ்ல சுருக்கமா. 2018 அக்டோபர்ல மத்திய அரசு விதி மாத்தினப்புறம் 5150-லிருந்து 5350, 5470-லிருந்து 5875 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம ஓட்டலாம். கம்பெனிப் பெட்டி நிறைய சேனல் 36-ல, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல வந்து உட்காரும். அதனால 36-லிருந்து 48 நெரிசல். 149-லிருந்து 161 பாருங்க. மொட்டை மாடில யாராவது 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை உங்க ஜன்னலைப் பார்த்து வச்சிருந்தா அது கெட்டுப்போகும். ஃப்ளாட்டுல 80-ஐவிட 40 அகலம் எனக்குப் பிடிக்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 40 தாராளம். 160-ன்னு பெட்டில எழுதியிருக்கறதைப் பார்த்து ஆன் பண்ணாதீங்க, 36-லிருந்து 64 வரை முழுக்கப் பிடிக்கும், அதுல பாதி டிஎஃப்எஸ்.

6 கிகாஹெர்ட்ஸுக்கு 2025 மே மாசம் வரைவு விதி வந்துச்சு, 5925-லிருந்து 6425. அது வேற இழை.

மூணாவதுமாடி · ஜூன் 11, இரவு 11:10

11 நல்லா ஓடிட்டிருந்தது. இன்னிக்கு ராத்திரி 9:20-க்கு கரண்ட் போய் பத்து நிமிஷத்துல வந்துச்சு. வந்ததுலிருந்து சுமார்தான். என் பெட்டி 11-லயேதான் இருக்கு. ஸ்கேன்ல 11-ல இப்ப 10 பேர். 1-ல 4 பேர்தான்.

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 11, இரவு 11:25

ஆட்டோ பண்ற வேலை. கம்பெனிப் பெட்டிகள்ல நிறைய, ஆன் ஆகும்போது ஒரே ஒருதரம் காதைத் தீட்டும், அப்புறம் அடுத்த ரீஸ்டார்ட் வரைக்கும் அதே இடம். கரண்ட் வந்ததும் இருபது பெட்டியும் ஒரே நொடியில முழிக்குது. எல்லாம் ஒரே நேரத்துல கேக்குது, யாருமே பேசலை, எல்லா சேனலும் காலின்னு நினைக்குது. அப்புறம் திமுதிமுன்னு ஒரே பக்கம் ஓடுது. இன்வெர்ட்டர்ல பெட்டி வச்சிருக்கற வீடு மட்டும் பழைய இடத்துல நிக்கும்.

பதறி 1-க்கு ஓடாதீங்க. நாளைக்கு இன்னொருதரம் கரண்ட் போனா அது மாறும். ஒரு வாரம் தினம் ராத்திரி ஒரு ஸ்கேன் எழுதுங்க. இடம் மாறாத நெட்வொர்க் எதுன்னு பாருங்க, அதை வச்சுத்தான் முடிவு.

பெட்டிக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒண்ணு போட்டா இந்தக் கூத்துல நீங்க சேரமாட்டீங்க. அடாப்டர் மேல எத்தனை ஆம்பியர்னு பார்த்து வாங்குங்க. 1 ஆம்பியர் யூபிஎஸ்ல 2 ஆம்பியர் பெட்டியை மாட்டினா, பளு ஏறும்போது தானா ரீபூட் ஆகும், அதுவும் சேனல் பிரச்சினை மாதிரியே தெரியும்.

ஓஎம்ஆர்பக்கம் · ஜூன் 14, காலை 10:00

பழைய ரௌட்டர்ல ஓப்பன்டபிள்யூஆர்டி (ரௌட்டருக்கான இலவச மென்பொருள்) போட்டிருக்கறவங்களுக்கு: சர்வே டம்ப் எடுத்தா ஒவ்வொரு சேனலுக்கும் ஆக்டிவ் நேரம் (பெட்டி கேட்ட நேரம்), பிஸி நேரம் (அதுல காத்து காலியா இல்லாத நேரம்) ரெண்டும் வரும். அதை ஒருதரமும் சொல்லலையே தம்பி?

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 14, காலை 10:22

சொல்லியிருக்கணும், பிங்கைவிட நேர்மையான அளவு அது. அத்தெரோஸ், மீடியாடெக் சிப் உள்ள ரௌட்டர்ல ஒழுங்கா வரும். லேப்டாப் கார்டு நிறைய பிஸி எண்ணைக் கொடுக்காது. நம்ம போக்குவரத்தும் அந்த பிஸில சேரும், அதனால நம்ம வீட்டுல எல்லாத்தையும் நிறுத்திட்டு எடுக்கணும். ஆக்டிவ் 60,000 மில்லிசெகண்ட், பிஸி 42,600-ன்னு வந்தா 71 சதவீதம். 50 தாண்டினா வீடியோ கால் தடுமாற ஆரம்பிக்கும். 30-க்குள்ள இருந்தா சேனலைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

மூணாவதுமாடி · ஜூன் 15, இரவு 9:40

ஆபீஸ் நண்பர்கிட்ட அப்படி ஒரு ரௌட்டர் கடன் வாங்கி வந்தேன். ஒவ்வொரு சேனலும் ஒரு நிமிஷம். 1: 44 சதவீதம். 6: 71. 11: 33. இந்தத் தடவை அகலமும் எழுதியிருக்கேன். எல்லாம் 20. 9-ல இருக்கற அந்த −63 மட்டும் 40.

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 15, இரவு 9:52

அடடா. ஜூன் 8-ல 6-ஐப் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ரெண்டு வீடு வீடியோ ஓட்டறாங்கன்னு அளக்காம அளந்து விட்டுட்டேன்.

9-ல 40 அகலம்னா அது 9 மட்டும் இல்ல. மேல 13-ஐயோ கீழ 5-ஐயோ சேர்த்துக்கும்; 6-ல 71 வர்றதைப் பார்த்தா இவர் கீழ 5-ஐத்தான் சேர்த்திருக்கார். 2422-லிருந்து 2462 வரைக்கும். அதுக்குள்ள 6 முழுசா, ரெண்டு பக்கமும் இடம் விட்டு, அடங்குது. 11-லயும் பாதி. நாலு பேர் இருக்கற 6-ல 71 சதவீதம் வர்றதுக்கு இந்த ஒரு ஆளு போதும். 40-ல இருக்கற பெட்டி பக்கத்துல 20 ஆட்களைப் பார்த்தா தானே சுருங்கணும்னு ஒரு ஏற்பாடு உண்டு. 40 மட்டும்னு கட்டாயப்படுத்தியோ, கோஎக்ஸிஸ்டன்ஸ்ங்கற அந்த ஏற்பாட்டை அணைச்சோ வச்சிருந்தா சுருங்காது.

யாருன்னு கண்டுபிடிங்க. ஃபோனை எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்குங்க. −63 எங்க −40 ஆகுதோ அந்தக் கதவு.

மூணாவதுமாடி · ஜூன் 16, இரவு 8:55

நாலாவது மாடி, எங்க பெட்ரூமுக்கு நேர் மேல. கதவுக்கு வெளில −44. சொன்னேன். "எங்க வீட்டுல நல்லாத்தானே இருக்கு சார், நான் ஏன் மாத்தணும்"ங்கறார்.

பரண் · ஜூன் 16, இரவு 9:03

மைக்ரோவேவை அவர் தரையைப் பார்த்துத் திருப்பி வைங்க 😄

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 16, இரவு 9:30

பரண் சொல்றதைச் செய்யாதீங்க.

அவர் வீட்டுல உட்கார்ந்து அவர் லேப்டாப்புல 200 பிங் எடுத்துக் காட்டுங்க. 40-ல அவரும் 6, 11 ரெண்டு கூட்டத்தோட மோதிக்கிட்டுத்தான் இருக்கார். 20 ஆக்கி இன்னொரு 200. எண்ணைப் பார்த்தா மனுஷன் மாறுவார். உபதேசம் வேண்டாம்.

அசோசியேஷன்ல பேசற மாதிரி இருந்தா ஒரு திட்டம். ஏ, பி, சி, டி நாலு வீடும் வரிசையா இருந்தா: தரைத்தளம் 1, 6, 11, 1. முதல் மாடி 6, 11, 1, 6. ரெண்டாவது 11, 1, 6, 11. மூணாவதுல மறுபடி 1, 6, 11, 1. நாலாவது 6, 11, 1, 6. நேர் மேல கீழ ஒரே எண் வர்றதுக்கு நடுவுல ரெண்டு மாடி, மூணு கான்கிரீட் தளம். மூலைவாட்டத்துல ஒண்ணு இடிக்கும், மூணு எண்ணுல அதைத் தவிர்க்க முடியாது. எல்லாரும் 20 அகலம், ஜி/என் மோட், ஆட்டோ அணைப்பு. பெட்ரூம்ல மட்டும்தான் 2.4 தேவைன்னா பவரை 50 சதவீதம் ஆக்கிப் பாருங்க, பாதியாக்கினா குறையறது 3 டிபிதான், உங்க பெட்ரூமுக்கு ஒண்ணும் ஆகாது.

சர்வீஸ் ஆளு வந்து ரீசெட் அடிச்சா எல்லாம் பழையபடி ஆட்டோ ஆகிடும். எண்ணைப் பெட்டி அடியில ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வைங்க.

மூணாவதுமாடி · ஜூன் 19, இரவு 10:05

நாலாவது மாடிக்காரர் மாத்திட்டார். 40-ல அவருக்கே சராசரி 38 வந்துச்சு. 20 ஆக்கி 6-ல வச்சதும் 9. காபி கொடுத்தார். இப்ப பிஸி: 1-ல 43, 6-ல 36, 11-ல 22. என் பிங் 11-ல சராசரி 3, அதிகபட்சம் 41.

எங்க திட்டப்படி மூணாவது மாடி பி-க்கு 6 வருது. மாத்தவா?

கம்பியில்லாத்தம்பி · ஜூன் 19, இரவு 10:11

நேர் மேல இருக்கறவர் 6-ல இருக்கார், நீங்களும் அங்க போறதா? மேல் வீடு பி-தானே, திட்டப்படி அவருக்கு 11. அவரை இன்னொரு காபிக்குக் கூப்பிட்டு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மாத்துங்க. மத்த வீடுகள் மாறுற வரைக்கும் அவசரம் இல்ல, 3 மில்லிசெகண்டைத் தொடாதீங்க.